பதினொரு சுற்று

பதுளை,
16.12.2025

மலருக்கு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்கு இருபத்தாறு தடவை கோல் எடுத்துவிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நிஸாம் நானா பேக்கரியிலிருந்து தினமும் முகாமுக்குப் பாண் ஏற்றிக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வருகிறார் அல்லவா, அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். "தங்கச்சி இத வாசிக்குமா, கிழிச்சிப் போட்டிருமா?" என்று கேட்டார். "கிழிச்சாலும் பரவாயில்ல நானா. கையில வாங்குனா போதும்" என்றேன்.

நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. மழையில் மலை சரிந்து இறங்கி மூன்று கிழமையாகிறது. உங்கள் தோட்டத்து மேற்கணக்குப் பிரிவில் மண்ணுக்குள் போன ஆறு பேரில் ஐந்து பேரை எடுத்தாயிற்று. உன் வீட்டுக்காரர் ரமேஸ் தம்பியை மட்டும் இன்னும் காணவில்லை. அடக்கம் செய்தவர்களையும் காணாதவரையும் சேர்த்து ஒரே ஜெபமாக வைக்கலாம் என்று போதகர் சொன்னார். நான் சரி என்றேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையார் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது நான் ஓர்கனில் வாசித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் உள்ளதை அல்ல, கைக்கு வந்ததை. அந்த நேரத்தில் எப்போதும் அப்படித்தானே வாசிப்பேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ரமேஸ் தம்பி பாண் விற்கிற ஆட்டோவில் ஸ்பீக்கர் பாடுகிற பாட்டு விரலில் வந்துவிட்டது.

இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவர் உன்னை ஆலயத்தில் இறக்கிவிட்டு, டவுனைச் சுற்றிப் பாண் விற்றுவிட்டு, சரியாக நற்கருணை நேரத்தில் வாசலுக்குத் திரும்புவார். ஆட்டோவின் பாட்டு உள்ளே கேட்கும். நானும் அதே பாட்டில் நாலு சுரத்தை எடுத்து ஆராதனைக்குள் ஒளித்துவைத்துப் பதில் சொல்வேன். சபையில் ஒருவருக்கும் தெரியாது. நீ மட்டும் குனிந்துகொண்டு சிரிப்பாய். வெளியே வந்தால் அவர், "மதினி, இன்னைக்கும் என் பாட்ட சர்ச்சுக்குள்ள ஏத்திட்டீங்கபோல. எனக்குத்தான் உள்ள வர வெக்கமா இருக்கு, அதுக்கு வெக்கமே இல்ல" என்பார்.

ஓர்கனில் அந்தப் பாட்டு வந்தால் அவர் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். உனக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த அடையாளம் அது. இதை யோசிக்காமல் அன்று வாசித்துவிட்டேன். நீ வரிசையை விட்டு வெறுங்காலோடு ஓடினாயாம். வாசலில் மழை மட்டும் இருந்தது.

மலர், உன் லயத்து வீடுகளுக்கு, இருப்பது ஆபத்து என்று சிவப்பு அறிவித்தல் ஒட்டியாயிற்று. மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறார்கள். நீ ஒருத்தி மட்டும் அந்தக் காம்பராவில் படுக்கிறாய் என்று நிஸாம் நானா சொல்கிறார். அடுத்த பெருமழைக்கு முன்னால் இறங்கி வா. உன் மகள் நிஷாந்தினி என் வீட்டில் இருக்கிறாள், நீயும் வா. என்னை மன்னிக்க வேண்டாம். இறங்கி மட்டும் வா.

அக்கா
ஞானசீலி


மேற்கணக்கு,
19.12.2025

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

போன் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அவர் கோல் எடுக்கும் நேரத்தில் என் லைன் பிஸியாக இருக்கக்கூடாது. சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள். மேலே கரண்ட் இல்லை. நிஸாம் நானாதான் முகாமில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து தருகிறார். அந்தச் சார்ஜை உங்கள் அழுகையைக் கேட்டுச் செலவழிக்க என்னால் முடியாது.

கோபம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டை வாசித்ததற்காக இல்லை. முடித்ததற்காக.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பாட்டை நீங்கள் ஒருநாளும் முடித்ததில்லை. நாலு சுரம் எடுப்பீர்கள், விட்டுவிடுவீர்கள். மிச்சத்தை அவர் வெளியே முடித்துக்கொள்வார். அன்று நான் வாசற்படியில் மழையில் நிற்கிறேன், கேட்டில் ஒரு நாய் மட்டும் இருக்கிறது, உள்ளே நீங்கள் எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டு, காலால் அடிக்கட்டையை அழுத்தி, ஆமென் சொல்வதுபோல முடித்தீர்கள். கல் சுவரெல்லாம் அதிர்ந்தது. பெட்டி இல்லாமல், குழி இல்லாமல், என் புருஷனை அந்த ஒரு சத்தத்தில் மூடிவிட்டீர்கள்.

இறங்கி வரச் சொல்லுகிறீர்கள். முகாமுக்குப் போனேன். இரண்டு நாள் இருந்தேன். "இன்னும் பொட்டு வச்சிக்கிட்டு இருக்கா பாரு" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். "சாவு வீட்டுல சீவி முடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா" என்றாள் ஒருத்தி. யார் வீட்டில் சாவு? உங்களுக்கும் என் பொட்டு பிடிக்காது என்று தெரியும். இந்துப் பையனைக் கட்டின நாளிலிருந்து என் நெற்றியைப் பார்த்துத்தானே பேசுகிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே எப்படி ஜெபம் வைக்கச் சம்மதித்தீர்கள்?

எந்த இடம் என்று ஆமி ஆபீசர் என்னைக் கேட்டார். கிராம சேவகர் கேட்டார். பாதை வளைவில் போயிருப்பார் என்று சொன்னேன். வளைவில்தான் தோண்டுகிறார்கள். அவர் அங்கே இல்லை. அங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

இறங்கி வரமாட்டேன். அவர் வந்து பார்க்கும்போது லயத்தில் ஆள் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவார்.

தவமலர்


பதுளை,
22.12.2025

மலர்,

முடித்ததற்காக என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நாலு தரம் வாசித்தேன். நீ சொல்வது சரி.

எனக்கு யாரும் ஓர்கன் சொல்லித்தரவில்லை, உனக்குத் தெரியும். வாசித்துக்கொண்டிருந்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனபிறகு தூசு தட்டத்தான் அந்த மாடிக்கு ஏறினேன். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது போலும், தலைக்கு மேலே ஒரு குழல் பேசியது. அன்றிலிருந்து பதினான்கு வருஷம். கீர்த்தனைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். நற்கருணை நேரத்துக்குப் புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. எத்தனை பேர் வருவார்கள், யார் முழங்காலில் கூடுதல் நேரம் இருப்பார்கள், யாருக்கும் தெரியாது. கடைசி ஆள் எழும்பும்வரை வாசிக்க வேண்டும். அவர் எழும்பியதும் நிறுத்த வேண்டும்.

அதனால் பாடி முடித்த கீர்த்தனையின் கடைசி வரியைப் பிடித்துக்கொள்வேன். இடது கையில் ஒரு சுரத்தை அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையில் அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வீட்டுக்குத் திரும்பும் சுரம் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொட்டுவிட்டால் பாட்டு முடிந்துவிடும். தெரிந்தே தவறவிட்டு வேறு வழியில் போக வேண்டும். இதைத்தான் நான் கற்றுக்கொண்டேன், வேறொன்றும் இல்லை. ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஞாயிறும் எழுதுகிறேன்: தேதி, எத்தனை பேர், எத்தனை நிமிஷம், எந்தக் கீர்த்தனை, எங்கே சறுக்கினேன்.

பதினான்காம் தேதிக்கு "92 பேர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நிமிஷம் எழுதவில்லை. ஏனென்றால் அன்று நான் பார்க்கவில்லை. ஓர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. முதுகுப் பக்கம் சபையில் நடப்பதை அதில் பார்த்துக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் நினைவில் கண்ணை மூடிவிட்டேன். என் துக்கம் எனக்கு இனிப்பாக இருந்தது, மலர். இதைவிட வெட்கமானதை நான் எழுத முடியாது. நன்றாக வாசிக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. அந்த மயக்கத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு முடித்தேன். கண்ணைத் திறந்தபோது உன் இடம் காலியாக இருந்தது.

பொட்டைப் பற்றியும் நீ சொன்னது சரி. ஜெபத்தில் உன் நெற்றிக்காக எத்தனை தடவை மன்றாடியிருக்கிறேன். இப்போது அந்தப் பொட்டு அழியக்கூடாது என்று மன்றாடுகிறேன். ஆண்டவருக்கு என்னைப் பார்த்து என்ன தோன்றுமோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வளைவில் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தை முதலாம் தேதி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். வெலிமடைப் பக்கம் பாதை வெட்ட வேண்டுமாம். நிஸாம் நானா போய் அவர்களிடம் சண்டை பிடித்தார். "என்ட ஆட்டோவும் அந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கு, என்ட ஆளும் அதுக்குள்ளதான் கிடக்கான். ஆட்டோ போகட்டும், ஆளத் தாங்க" என்று கத்தினாராம். திரும்பி வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். ஒரு விஷயம் சொன்னார். அந்த ஸ்பீக்கருக்குத் தனி பேட்டரி. எஞ்சின் நின்றாலும் பாட்டு நிற்காதாம். அன்று யாராவது பாட்டைக் கேட்டிருந்தால் எந்த இடம் என்று தெரிந்திருக்கும் என்றார். நீ கடைசியாக எங்கே கேட்டாய்? கொஞ்சம் யோசித்துச் சொல்.

நேற்றுத் துணி மடித்துக்கொண்டிருந்த நிஷாந்தினி திடீரென்று கேட்டாள்: "பெரியம்மா, அம்மா அப்பாவத் தேடுறாங்களா, இல்ல அப்பாகூட போறதுக்கு ஒக்காந்திருக்காங்களா?" அம்மாவிடமே கேட்டு எழுதுகிறேன் என்றேன். நீ சொல்.

இயேசு பிறந்த நத்தார் நாளுக்காவது இறங்கி வா.

அக்கா


மேற்கணக்கு,
26.12.2025

அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய கேக் கிடைத்தது. பாதியை இங்கே காவல் நிற்கும் போலீஸ்காரருக்குக் கொடுத்தேன். அவர் தினமும் வந்து சிங்களத்தில் என்னைப் போகச் சொல்லுவார், நான் தமிழில் முடியாது என்பேன், இரண்டு பேருக்கும் நன்றாகப் புரியும். நத்தார் அன்று மட்டும் போகச் சொல்லவில்லை. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு கேக்கைத் தின்றார்.

மலை இறங்கிய மறுநாள் லயத்துக்குப் பின்னால் நிலத்தில் ஒரு விரிசல் பார்த்தேன். அப்போது விரல் நுழையும். இப்போது கை நுழைகிறது. நேற்று ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. பயமில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டுமே.

நிஷாந்தினிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவள் கேட்டது தப்பில்லை என்று சொல்லுங்கள். அவளைத் திட்டாதீர்கள்.

எங்கே கேட்டாய் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் நிமிஷம் எழுதி வைக்கிறவர். ஆட்டோவில் பாடுகிற அந்தப் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒரு சுற்று வர எவ்வளவு நேரம்? ஏன் என்று கேட்காமல் எழுதுங்கள்.

மலர்


பதுளை,
29.12.2025

மலர்,

உன் கடிதம் வந்த அன்றே நிஸாம் நானாவின் பேக்கரிக்குப் போனேன். அவரிடம் இன்னும் இரண்டு ஆட்டோ இருக்கிறது. உங்கள் தோட்டத்துப் பாதைக்கு வருகிற வண்டியில் பாட்டை நிறுத்தி வைத்திருக்கிறார், நீ கவனித்திருப்பாய். டவுன் வண்டியில் போட்டுக் காட்டச் சொன்னேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சர்ச்சுக்குப் புதுசா பாட்டு எடுக்கிறீங்களா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒரு சுற்று நாற்பத்தொரு செக்கன்.

ஏன் என்று கேட்கவேண்டாம் என்றாய். பேக்கரியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எனக்குப் புரிந்துவிட்டது. பாலத்தில் நின்றுவிட்டேன். ஒரு சுற்றின் நேரம் யாருக்குத் தேவை? சுற்றுகளை எண்ணியவளுக்குத்தான் தேவை. ஓடுகிற ஆட்டோவில் யாரும் பாட்டை எண்ணமாட்டார்கள். அது வரும், போகும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டால்தான் எண்ணத் தோன்றும்.

மலர், எத்தனை சுற்று?

எங்கே நின்று எண்ணினாய்?

இதை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. உன் அத்தானுக்குச் சொல்லவில்லை, போதகருக்குச் சொல்லவில்லை, நிஷாந்தினிக்குச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல நடித்தேன். பெக்கோவை இன்னும் ஒரு கிழமைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஏழாம் தேதி வரைக்கும்தான். உன் விரிசலும் இயந்திரத்தின் தேதியும் ஒன்றுக்கொன்று பந்தயம் ஓடுகிற மாதிரி இருக்கிறது. எதை நினைத்து ஜெபிப்பது என்று தெரியாமல் முழங்காலில் சும்மா இருக்கிறேன்.

எழுது. திட்டி எழுது. ஆனால் எழுது.

அக்கா


மேற்கணக்கு,
02.01.2026

அக்கா,

பதினொன்று.

நீங்கள் எழுதிய செக்கனை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஏழரை நிமிஷம் வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

அன்று மூன்றரை மணி இருக்கும். மழை. அடுப்புப் பற்றாமல் ஊதிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஆட்டோ ஏறி வருகிற பாட்டு கேட்டது. வளைவில் வரும்போது பாட்டு மலையில் பட்டு இரண்டாகக் கேட்கும். வளைவைத் தாண்டினால் ஒன்றாகிவிடும். ஒன்றாகத்தான் கேட்டது. அவர் தாண்டிவிட்டார் அக்கா. கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னும் இருநூறு அடி வந்திருந்தால் வீடு. அப்போதுதான் மலை இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

அது அடங்கியதும் பாட்டு கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து. தலையணைக்கு அடியில் போன் அடிப்பதுபோல.

ஓடினேன். மடுவத்தின் கூரைத் தகரம் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கத்தில் கையால் தோண்டினேன். தோண்டிக்கொண்டே எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. கத்தினேன், யாரும் இல்லை, எல்லாரும் கீழ் லயத்துப் பக்கம் ஓடிப்போயிருந்தார்கள். பதினொன்றாவது சுற்று முடியுமுன்னே நின்றது. மேலேயிருந்து திரும்பவும் மண் வந்தது. யாரோ என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் அவர்களோடும் பேசமாட்டேன்.

பாதை இல்லாததால் ஆமி மூன்றாம் நாள்தான் வந்தது. "எந்த இடம்மா?" என்று ஆபீசர் கேட்டார். நல்ல மனிதர், தமிழில் கேட்டார். என் வாய் வளைவு என்று சொன்னது. மடுவம் என்று சொன்னால் தோண்டுவார்கள். தோண்டினால் எடுப்பார்கள். எடுத்தால் அவர் செத்துப்போவார்.

வளைவில் மற்ற ஐந்து பேர் கிடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் "அம்மா, வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள். அவர் இருக்கமாட்டார் என்று தெரிந்தே போய்ப் பார்த்தேன். "இவர் இல்லை" என்று சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்றவர்கள் புருஷனை, பிள்ளையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம். இதற்கு உங்கள் வேதத்தில் என்ன பெயர்?

ஞாயிற்றுக்கிழமை ஓர்கனில் கேட்டபோது அவர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று ஓடினேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் முதலில் எனக்குத் தோன்றியது, பன்னிரண்டாவது சுற்று தொடங்கிவிட்டது என்று.

இப்போது உங்களுக்குத் தெரியும். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள்.

மலர்


பதுளை,
05.01.2026

என் மலருக்கு,

நான் சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் செருப்பைத்தான் தேடினேன். கிராம சேவகர் அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும். போனால் அரைமணி நேரத்தில் பெக்கோ மடுவத்துக்குத் திரும்பிவிடும். கதவு வரைக்கும் போனேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் உனக்காக நான் முடித்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அதையே செய்தால் நீ என் முகத்தில் விழிக்கவே மாட்டாய். செருப்பைக் கழற்றினேன். இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும் ஒவ்வொரு நிமிஷமும் மலை உன் தலைக்கு மேலே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஏழரை நிமிஷத்தைப் பற்றி நீ கேட்காமல் கேட்கிறாய். எனக்குத் தெரியாது மலர். தெரிந்ததுபோலச் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். பாட்டு பாடியது பேட்டரியால் என்பது மட்டும் தெரியும். அவர் அதைக் கேட்டாரா இல்லையா என்பதை என்னாலோ நிஸாம் நானாவாலோ எந்த டாக்டராலோ சொல்ல முடியாது. நீ ஒருத்தி அங்கே இருந்தாய், கையால் தோண்டினாய். அதற்கு மேல் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

நீ அனுபவித்த சந்தோஷத்துக்கு வேதத்தில் என்ன பெயர் என்று கேட்டாய். தேடினேன். எனக்கு அகப்படவில்லை. பாவம் என்று நான் சொல்லமாட்டேன். யார் சொன்னாலும் என்னிடம் அனுப்பு.

நேற்று நற்கருணை நேரத்தில் நான் வாசிக்கவில்லை. ஓர்கன் முன்னால் உட்கார்ந்தேன், கையை வைத்தேன், எந்தச் சுரத்தைத் தொட்டாலும் அது முடிவுக்கே கொண்டுபோவதுபோல இருந்தது. ஒன்பது நிமிஷம் ஆலயம் சும்மா கிடந்தது. ஆட்கள் இருமுவதும் செருப்புச் சத்தமும்தான். வெளியே வந்தபோது போதகர், "மெஷினுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "மெஷின் நல்லாத்தான் ஐயா இருக்கு" என்றேன்.

நாளை மறுநாள் இயந்திரம் போய்விடும். இதற்குமேல் நிறுத்தி வைக்க நிஸாம் நானாவாலும் முடியாது. அதன்பிறகு மடுவத்தின் மேல் புல் முளைக்கும். நீ அதைப் பார்த்துக்கொண்டு, விரிசல் உள்ள லயத்தில், சார்ஜ் குறையக் குறையக் காத்துக்கொண்டிருப்பாய். ஒரு மழையில் நீயும் போவாய். அப்புறம் நான் நிஷாந்தினியிடம் எந்த இடத்தைக் காட்டுவது?

எடுத்தால் அவர் செத்துப்போவார் என்று எழுதினாய். அவரை எடுக்கிற அன்று நீ செத்துப்போகாமல் இருக்க நான் பக்கத்தில் இருப்பேன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

சொல்வதா வேண்டாமா என்பது உன் கையில். இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிஸாம் நானா முகாமில் பன்னிரண்டு மணிவரை நிற்பார். அவருக்கு விஷயம் தெரியாது. நிற்கச் சொன்னேன், நிற்கிறேன் என்றார்.

அக்கா


மேற்கணக்கு,
09.01.2026

அக்கா,

நிஸாம் நானாவோடு இறங்கிப் போகவில்லை. நேராக பெக்கோ ஓட்டுகிற இன்பாஸிடம் போனேன். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். "தம்பி, வளைவில இல்ல. மடுவத்துக்கிட்ட" என்றேன். "என்னக்கா நீங்க, இத மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு இயந்திரத்தில் ஏறினான். அன்று அவன் சாப்பிடவே இல்லை.

எங்கே நின்று தோண்டினேனோ அந்த இடத்தைக் காட்டினேன். நான் சொன்னதற்கு நாலடி தள்ளி இருந்தது. நாலடிதான் அக்கா. புதன்கிழமை நாலு மணிக்கு ஆட்டோவின் கூரை தெரிந்தது. அதன்பிறகு இன்பாஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி மண்வெட்டியை எடுத்தான். ஆமிக்காரர்கள் கையால் மண்ணை அள்ளினார்கள். எந்த ஆபீசரிடம் பொய் சொன்னேனோ அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு அள்ளினார்.

நான்தான் பார்த்து அடையாளம் சொன்னேன். வேறு யாரையும் பார்க்க விடவில்லை. நிஷாந்தினியிடம், பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள், உங்களைத்தான் அவள் நம்புவாள்.

பதினொன்றாவது சுற்றுக்குப் பிறகு என்ன என்று இனி எண்ண ஒன்றும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. மண்ணுக்கு அடியில் இருந்தபோது அவர் எனக்கு இருந்தார். புதன்கிழமையிலிருந்து இல்லை. நீங்கள் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். நாளைக்கு அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டி வரும். போனை அணைத்து விட்டேன், அதனால்தான் இதையும் எழுதி அனுப்புகிறேன்.

நாளை காலை பத்து மணிக்குக் கொண்டுவருகிறோம். அவருடைய அண்ணன் ரெங்கசாமியிடம் பயந்துகொண்டே கேட்டேன், தோட்டத்து மயானத்துக்குப் போகும் முன் ஆலயத்தில் கொஞ்ச நேரம் வைக்கட்டுமா என்று. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "வாசல் வரைக்கும் ரெண்டு வருசமா வந்தவன்தானே. உள்ள வச்சிட்டுக் கொண்டாங்க. எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார். உங்கள் போதகர் கோபித்துக்கொண்டால் அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயானத்திலிருந்து நான் இங்கே திரும்ப மாட்டேன். உங்களோடு வருகிறேன். துணிப் பையைக் கட்டிவிட்டேன். காம்பராவைப் பூட்டவில்லை, பூட்டுவதற்குக் கதவு நேராக இல்லை.

நீங்கள் வாசிக்க வேண்டும். கை வரவில்லை என்று சொல்லாதீர்கள். அந்தப் பாட்டு வேண்டாம், அது போகட்டும். புத்தகத்தில் உள்ளதும் வேண்டாம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருப்பேன். நான் எழுந்திருக்கும்வரை வாசியுங்கள்.

நான் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேன்.

மலர்